டயர் காற்றழுத்த சென்சார்: பெங்களூர் வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பைக்கிலும் ஸ்கூட்டரிலும் வெளியில் வாங்கி மாட்டும் டி.பி.எம்.எஸ். (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார்) பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் அதிகம் வந்தவை இவை.

அல்சூர், ஸ்கூட்டர்: அண்ணா, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார் போட்டேன். அன்றிலிருந்து பின் டயரில் காற்று இறங்குகிறது. டூப்ளிகேட்டா?

சென்சாரைத் திட்டுவதற்கு முன் வால்வைப் பாருங்கள் தம்பி. பழைய மூடி இருந்தவரை காற்றை அடைத்து வைத்தது வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசி, அதாவது பின். இந்தச் சென்சாரோ அந்தப் பின்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அளக்கிறது. வால்வு எந்நேரமும் திறந்தே கிடக்கும். தடுப்பது சென்சாருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வாஷர் மட்டும்தான்.

சோப்புத் தண்ணீர் விடுங்கள். சென்சாருக்கு அடியில் நுரை வந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை; கழற்றி, மண் துடைத்து, கையாலேயே இறுக்குங்கள். வால்வு ரிம்முக்குள் நுழையும் இடத்தில் நுரை வந்தால் ரப்பர் வால்வு போய்விட்டது. அதை விரலால் லேசாக வளைத்துப் பார்த்தால் அடியில் மயிரிழை வெடிப்பு தெரியும். பத்து கிராம் சென்சார்தானே என்று நினைக்காதீர்கள். 17 அங்குலச் சக்கரம் 100 கி.மீ. வேகத்தில் சுழலும்போது அது சுமார் ஒன்றரை கிலோ பாரத்தோடு அந்த ரப்பரை இழுக்கும். ஸ்கூட்டர் வேகத்துக்கு அவ்வளவு இல்லைதான், ஆனாலும் பழைய ரப்பர் தாங்காது. ஜே.சி. ரோட்டில் உலோக வால்வு கிடைக்கும். முதலில் அதை மாற்றுங்கள், அப்புறம் சென்சார்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், பைக்: மாட்டியதும் ஓட்டலாமா?

கூடாது. சென்டர் ஸ்டாண்டோ, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டோ போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முன்பக்கம் பிரேக் காலிப்பரிலும் ஃபோர்க்கிலும் இடிக்கிறதா என்று பாருங்கள். விரல் நுழையும் அளவு இடைவெளி இல்லையென்றால் உங்கள் ரிம்முக்கு வெளிச் சென்சார் வேண்டாம்.

எலக்ட்ரானிக் சிட்டி: பங்கில் 30 பி.எஸ்.ஐ. அடித்தேன் சார். ஆப்பில் 28.5 காட்டுகிறது. எது பொய்?

பங்க் மீட்டரை நான் பெரிதாக நம்புவதில்லை. சொந்தமாக ஒரு கேஜ் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே ஒன்றரை குறைந்தால், காரணம் நம் ஊரின் உயரமாக இருக்கலாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சென்னையைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைவு. சில சென்சார்கள் டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து, கடல் மட்டக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடும். சாதாரண கேஜ், வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், பொங்கலுக்குச் சென்னை போகும்போது காற்றை மாற்ற வேண்டுமா என்று. கடல் மட்டத்துக்கு இறங்கினால் டயர் அழுத்தம் அதே ஒன்றரை குறையும். ஆனால் வெயில் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய அதே அளவு ஏறிவிடும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை பார்த்தால் போதும்.

கோரமங்களா: அலாரம் எவ்வளவில் வைப்பது?

கம்பெனி சொன்ன குளிர் அழுத்தத்தில் 20 சதவீதம் குறைத்து வையுங்கள். 30 என்றால் 24. ஓடியபின் மூன்று நான்கு ஏறுவது வழக்கம்தான், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சிவாஜிநகர், ஸ்போக்ஸ் ரிம் புல்லட்: ரிம்முக்குள் வைக்கும் சென்சார் எனக்கு ஆகுமா?

உங்கள் ஸ்போக்ஸ் ரிம்மில் டியூப் இருக்கும்போது உள்ளே சென்சாருக்கு இடமேது? வெளிச் சென்சார்தான். டியூபின் வால்வு பெரும்பாலும் உலோகம் என்பதால் தாங்கும். வால்வு நட்டை ரிம்மோடு முறுக்கி வைக்காதீர்கள். காற்று குறைந்து டியூப் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். டியூப் ஆணியில் சட்டென்று கிழிந்தால் அலாரம் அடிப்பதற்குள் நீங்களே உணர்ந்துவிடுவீர்கள். மெதுவாக இறங்கும் காற்றுக்குத்தான் இது உதவும்.

மாரத்தஹள்ளி: டியூப்லெஸ், உள் சென்சார். பங்க்சர் கடையில் என்ன சொல்ல வேண்டும் அண்ணா?

வண்டியை நிறுத்தியதுமே சொல்லுங்கள். வால்வுக்கு நேரே டயரை நெம்பினால் லிவர் சென்சாரைத்தான் உடைக்கும். ரிம்மில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவையுங்கள். பங்க்சர் ஜெல் ஊற்ற விடாதீர்கள், அது சென்சாரின் ஓட்டையை அடைத்துவிடும். ஓட்டையில் வெறும் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகுவதானால் டயரைக் கழற்றவே வேண்டாம்.

முருகேஷ்பாளையா: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒன்று காணாமல் போய்விட்டது. பூட்டு நட்டு போடலாமா?

போடலாம். ஆனால் காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன ஸ்பேனர் வேண்டும். பங்க் வரிசையில் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். வீட்டில் மின் பம்ப் இருந்தால் நல்லது. அலுமினிய வால்வில் பித்தளை மரை உள்ள சென்சாரை மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை திருகிக் கழற்றி மாட்டுங்கள்.