கண் டாக்டர் நெஞ்சுக்கு ஸ்கேன் எழுதினால்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பல வருடமாக பீடி பிடிப்பவர். இரண்டு மாதமாக வலது இமை லேசாக இறங்கியிருக்கிறது. கண் டாக்டர் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வலது தோளில் வலி உண்டு. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? வேறு டாக்டரைப் பார்க்கலாமா?

பதில்: வேறு டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஸ்கேனை எடுத்துவிடுங்கள்.

இமையைத் தூக்கவும் கண்மணியை விரிக்கவும் உதவும் நரம்பு ஒன்று, மூளையிலிருந்து நேரே கண்ணுக்கு வராமல் ஊர் சுற்றி வருகிறது. தண்டுவடம் வழியாக மார்பின் மேற்பகுதி வரை இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டிக் கடந்து, கழுத்து ரத்தக்குழாயோடு மேலேறுகிறது. அந்த உச்சியில் கட்டி வளர்ந்து நரம்பை அழுத்தினால், அந்தப் பக்கத்து இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கும், கண்மணி சிறுக்கும், முகத்தில் வியர்வை குறையலாம். சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் ஹார்னர் 1869-லேயே இந்தக் குறிகளை எழுதிவைத்தார். பான்கோஸ்ட் என்ற அமெரிக்க எக்ஸ்ரே நிபுணரின் பெயரால் அந்தக் கட்டியை அழைக்கிறோம்.

'இருமலே இல்லையே' என்பீர்கள். கட்டி பெரிய மூச்சுக்குழாய்களை விட்டு ஓரத்தில் இருப்பதால், இருமலுக்கு முன்பே தோள் வலிக்கும். வலி கையின் உட்பக்கமாகச் சுண்டுவிரல் வரை இறங்குகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். தேய்மான வலியும் கையில் இறங்கும் என்பதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் தைலத்திலேயே காலம் போய்விடுகிறது.

இதே கண் குறிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு: கழுத்தில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, சிலவகைத் தலைவலி, பிறவியிலேயே இருப்பது. பழைய ஆதார் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதிலும் இமை இறங்கியிருந்தால் கவலை பாதி குறையும். ஆனாலும், பீடியும் தோள்வலியும் சேர்ந்திருக்கும்போது போட்டோவை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட நான் சொல்லமாட்டேன். எக்ஸ்ரே போதாதா என்றால், போதாது. கழுத்துப்பட்டை எலும்பும் முதல் விலா எலும்பும் அந்த இடத்தை மறைத்துவிடும்.

இமை திடீரென்று இறங்கி, கூடவே கழுத்திலோ தலையிலோ புதிதாகக் கடும் வலி வந்தால் அது வேறு கதை. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். பக்கவாதம் வரக்கூடும், உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

அப்பாவுக்கு அப்படி இல்லை என்றாலும் இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். தோள்வலியைக் கண் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் இன்றே சொல்லி, நுரையீரல் உச்சியும் கழுத்தும் சேர்ந்து வரும்படி சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.