முதலில் எர்த், பிறகு வோல்ட்: பழைய கார் கேள்வி-பதில்

ஐயா, எங்கள் தாத்தா காலத்து மோரிஸ் மைனரை 12 வோல்ட்டாக மாற்ற எவ்வளவு ஆகும்? (நெல்லிக்குப்பம்)

ஒரு பைசா ஆகாது. மோரிஸ் மைனர் பிறந்ததே 12 வோல்ட்டில். பேட்டரி மேல் மூடிகளை எண்ணிப் பார்த்திருந்தால் தபால் செலவும் மிச்சம். மூன்று மூடி 6 வோல்ட், ஆறு மூடி 12. எர்த் என்பது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை அந்த இரும்போடு இணைந்திருக்கும், அந்தப் பாசிட்டிவ் எர்த்தைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அது வேறு சங்கதி.

1962 வோக்ஸ்வேகன் பீட்டில். பேட்டரியை மட்டும் 12 வோல்ட் போட்டேன். பல்பு எல்லாம் போய்விட்டது, கட்-அவுட்டும் கரிந்துவிட்டது. இனி என்ன செய்ய? (வில்லியனூர்)

மாற்றிவிட்டு எழுதுகிறீர்களே, மாற்றுவதற்கு முன் எழுதக் கூடாதா? பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தி, அதை பேட்டரியோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கட்-அவுட். 6 வோல்ட் கட்-அவுட் ஏழு வோல்ட் பக்கத்தில் கட்டுப்படுத்துவது. அதன் தலையில் 12 வோல்ட் பேட்டரியைக் கட்டினால் சார்ஜ் ஏறாது, கரண்ட் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பி ஓடும். கட்-அவுட்டின் பாயின்ட் (தொட்டு விலகும் முனை) ஒட்டிக்கொண்டிருந்தால் டைனமோவே மோட்டாராகிப் புகைந்திருக்கும். கரிந்ததோடு போயிற்று என்று சந்தோஷப்படுங்கள்.

இனி 12 வோல்ட் டைனமோவும் அதற்குரிய கட்-அவுட்டும் ஜோடியாக வேண்டும். எல்லா பல்பும், இக்னிஷன் காயில், ஃப்ளாஷர், ஹார்ன், வைப்பர் மோட்டார் மாற வேண்டும். இக்னிஷன் பாயின்ட், கண்டன்சர் இருந்தபடி இருக்கட்டும். பெட்ரோல் மீட்டர் அந்த வருட பீட்டிலில் கேபிளில் ஓடுவது, அது தப்பித்தது.

செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். செல்ஃப் பிடித்துச் சுற்றும் பல் சக்கரம் ஃப்ளைவீல். 6 வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீலில் 109 பல், 12 வோல்ட் வண்டியில் 130. 12 வோல்ட் செல்ஃப் வாங்கினால் ஃப்ளைவீல் மாற்ற வேண்டும், கியர்பாக்ஸ் கூட்டின் உள்பக்கத்தையும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். பழைய செல்ஃபே 12 வோல்ட்டில் வேகமாகச் சுற்றும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள், பல் தேயும்.

6 வோல்ட் ஃபோர்டு ப்ரீஃபெக்ட் வைத்திருக்கிறேன். ராத்திரியில் ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரிகிறது. 12 வோல்ட்டாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (முத்தியால்பேட்டை)

எர்த்தைப் பார்த்தாரா அவர்? பார்த்திருக்க மாட்டார். மாதம் நாலு கடிதம் இப்படி வருகிறது, பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான்.

கணக்கு இதுதான். 36 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். அதே துருப்பிடித்த இணைப்பில் இரண்டு மடங்கு வோல்ட் தொலையும், தொலைப்பதற்கு இருப்பதோ பாதி. 6-ல் ஒரு வோல்ட் போனால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 12-ல் அதே ஒரு வோல்ட் போனால் கால்வாசிதான் குறையும். மாற்றியதும் பளிச்சென்று எரிவதன் ரகசியம் இவ்வளவுதான். கோளாறு உள்ளேயே இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி மங்கும்.

நம் ஊர் உப்புக்காற்றுக்கு எந்த போல்ட்டும் தப்பாது. அதோடு பெயின்ட் கடைக்காரர்கள் செய்யும் அநியாயம் தனி. ஹெட்லைட்டின் எர்த் பல வண்டிகளில் மட்கார்டு போல்ட் வழியாகத்தான் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) போகிறது. அந்த இடத்திலும் பிரைமர், பட்டி, இரண்டு கோட் பெயின்ட் ஏற்றிப் பூட்டிவிடுவார்கள். வண்டி கண்காட்சிக்குப் போகும், லைட் மட்டும் எரியாது. பேட்டரி கடையிலோ 12 வோல்ட் காரின் ஒல்லி கேபிளை மாட்டி அனுப்புகிறார்கள். 6 வோல்ட் வண்டிக்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள் வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

சோதனை சுலபம். ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் (கேபிள் டெர்மினலில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே), மறுமுனையை பல்பு ஹோல்டரின் உடலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அகப்பட்டான். எமரித் தாளால் இரும்பு மின்னும் வரை தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள். ஒவ்வொரு ஹெட்லைட்டிலிருந்தும் சேசிஸுக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே எர்த் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகும் மங்கல் என்றால் ரிஃப்ளெக்டரின் வெள்ளி போயிருக்கும். அதற்கு எத்தனை வோல்ட் கொடுத்தும் பயனில்லை.

இரண்டு 6 வோல்ட் பேட்டரியைத் தொடராக வைத்து, பழைய வால்வு ரேடியோவுக்கு நடுவிலிருந்து 6 வோல்ட் எடுக்கலாமா? (கடலூர் முதுநகர்)

கூடாது. ஒரு பேட்டரி காலியாகும், மற்றது அளவு மீறி சார்ஜாகிக் கொதிக்கும். ரேடியோவுக்குத் தனி வோல்டேஜ் குறைப்பான் வையுங்கள்.

பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாருதி ஆல்டர்னேட்டர் போடலாமா? (லாஸ்பேட்டை)

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். அப்படியே மாட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது) அந்த நொடியே போகும். பேட்டரியைத் திருப்பும்போது காயிலின் இரண்டு முனைகளையும் ஆம்மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்ற மறக்காதீர்கள். செல்ஃப் கவலைப்படாது, எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். முன்னதாக எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

12-க்கு மாற்றும்போது பழைய ஒயரிங்கே போதுமா? (பாகூர்)

தடிமன் தாராளம், ஆம்பியர் பாதிதானே. ஆனால் துணி சுற்றிய ரப்பர் ஒயரை வளைத்துப் பாருங்கள். பொடிந்தால் முழுவதும் மாற்றியே ஆக வேண்டும்.

பழைய ஹெட்லைட்டில் 100 வாட் ஹாலஜன் போடலாமா? (அரியாங்குப்பம்)

ஸ்விட்ச் உருகும். ரிலே (சின்ன கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) இல்லாமல் கை வைக்காதீர்கள். ரிலே போட்டாலும் பழைய ரிஃப்ளெக்டருக்கு 60 வாட் போதும்.