‘எல்லா வசதியும் இருக்கு’ என்றால், எத்தனை அங்குலம் என்று கேளுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. ஏழு வருடங்களுக்கு முன் விபத்தில் தண்டுவடத்தில் டி10 மட்டத்தில் (மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு) அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கையால் தள்ளும் வீல்சேரில் இருக்கிறேன். கட்டிலுக்கும் கமோடுக்கும் நானே மாறிக்கொள்வேன். அண்ணன், அண்ணியோடு ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நான்கு நாள் தங்கத் திட்டம். போனில் விசாரித்தால் “எல்லா வசதியும் இருக்கு மேடம்” என்கிறார்கள். நம்பிப் போகலாமா? கடலில் இறங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அது நடக்குமா?

பதில்: கடலில் இறங்கலாம். அதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் அந்த போன் பேச்சைக் கவனிப்போம்.

உங்களிடம் பேசியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் மனதில் இருப்பது வாசலில் உள்ள சாய்தளம். தண்டுவடக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுப்பது என் வேலை. ஒருமுறை அப்படி நான்கு பேரை அழைத்துக்கொண்டு ஒரு கடற்கரை விடுதிக்குப் போனேன். முன்பதிவில் கிடைத்த பதில் இதே பதில்தான். வாசலில் அழகான ராம்ப், உள்ளே வழுவழுவென்று தரை, அறைக் கதவும் நல்ல அகலம். பாத்ரூம் கதவுதான் 24 அங்குலம். ஒருவருடைய நாற்காலி 25. அன்று ராத்திரி விடுதியின் தச்சர் வந்து கதவைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். இடம் கிடைத்தது. நான்கு நாளும் ஒரு போர்வைதான் அந்த பாத்ரூமுக்குக் கதவு.

அதற்குப் பிறகு ‘ஆமாம், இல்லை’ என்று பதில் வரும் கேள்வியை நான் கேட்பதே இல்லை. நமக்குக் கொடுக்கப்போகும் அதே அறையை, டேப் வைத்து அளந்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கூச்சப்படாதீர்கள். அனுப்ப மனமில்லாத இடம், போய் இறங்கிய பிறகு உதவும் என்று எதிர்பார்க்க முடியாது.

எதை அளக்கச் சொல்வது? முதலில் உங்கள் நாற்காலியை நீங்கள் அளந்து வையுங்கள். சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கைவளையத்தில், ஒரு பக்க வெளி விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்பு வரை உள்ளதுதான் உண்மையான அகலம். கதவைத் திறந்து வைத்த நிலையில் கிடைக்கும் இடைவெளி 32 அங்குலம் இருந்தால் கை உரசாமல் போகலாம். நிலைச்சட்டத்தின் அகலத்தைச் சொல்லி ஏமாற்றிவிடுவார்கள், வேண்டுமென்று இல்லை, தெரியாமல்தான். உள்ளே நாற்காலியைத் திருப்ப 5 அடிக்கு 5 அடி காலி இடம் வேண்டும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது. உள்பக்கம் திறக்கும் கதவு, நீங்கள் நுழைந்த பிறகு சாத்தவே வராது.

கமோடு 17 முதல் 19 அங்குல உயரம் இருந்தால் உங்களுக்கு வசதி. அதைவிட முக்கியம், அதன் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்பது. நீங்கள் நாற்காலியைக் கமோடின் இடப்பக்கம் நிறுத்தி மாறிப் பழகியவர் என்றால், சுவர் அந்தப் பக்கம் இருந்தால் எல்லா அளவும் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. சுவர்க் கைப்பிடியை வீடியோவிலேயே ஒருவர் பலமாக இழுத்துக் காட்டட்டும். துண்டு காயப்போடும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டும் இடங்களும் உண்டு.

குளிக்கும் இடத்தில் தரையோடு தரையாக இருக்கிறதா, தண்ணீர் தடுக்க 3 அங்குலம், 4 அங்குலம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஷவர் நாற்காலி இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கும். ஈர டைல்ஸில் அதன் கால்கள் அகன்று வழுக்கும். மடக்கும் ஷவர் நாற்காலி வைத்திருந்தால் எடுத்துப்போங்கள்.

கட்டில் விஷயத்தில் ரிசார்ட்டுகளுக்கு ஒரு மோகம், இரண்டு மெத்தை போட்டு 25, 26 அங்குலம் உயர்த்திவிடுவார்கள். குஷனோடு சேர்ந்து உங்கள் இருக்கை 20 அங்குலம் போல இருக்கும். இறங்குவது சுலபம். ஏறும்போதுதான் தோள் போய்விடும். ஒரு மெத்தையை எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ராம்ப் இருந்தால் மட்டும் போதாது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம், இதுதான் கணக்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடி ராம்ப். இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தால் அது பெட்டி இழுக்கப் போட்டது, உங்களுக்கு இல்லை. அறையிலிருந்து சாப்பிடும் இடம், நீச்சல் குளம், கடற்கரை வரை ஒருவர் நடந்துகொண்டே வீடியோ எடுத்தால் நடுவில் வரும் கூழாங்கல் பாதையும் ஒற்றைப் படிகளும் தெரிந்துவிடும். அறை தரைத்தளத்தில் கேளுங்கள். கடல் நன்றாகத் தெரிவது மாடியில்தான், ஒத்துக்கொள்கிறேன். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால் அந்தக் காட்சியை மட்டுமே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

இப்போது கடல்.

உங்கள் சொந்த வீல்சேரை மணலில் இறக்காதீர்கள். முன்சக்கரம் சிறியது, எடையெல்லாம் உள்ளங்கை அளவு இடத்தில் இறங்குகிறது, மணல் விலகிக் கொடுத்துவிடுகிறது. தள்ளத் தள்ளப் புதையும். நான்கடி தூரம் மட்டும் கடக்க வேண்டும் என்றால், பின்னால் நிற்பவர் முன்சக்கரம் மேலே எழும்படி சாய்த்து, பின்புறமாக இழுத்துப் போகட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

இதற்கென்றே கடற்கரை வீல்சேர் இருக்கிறது. பலூன் மாதிரி பருத்த டயர்கள், துருப்பிடிக்காத சட்டம். ரிசார்ட்டிலோ அந்தக் கடற்கரையிலோ அது கிடைக்குமா, யாரிடம் சாவி, முன்பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். ஷெட்டில் காற்றிறங்கிக் கிடப்பதும் உண்டு, அதனால் அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மணல்மேல் விரிக்கும் கெட்டியான பாய்ப்பாதை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அது எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி, பல இடங்களில் தண்ணீருக்கு வெகு தூரம் முன்பே முடிந்துவிடும்.

கடற்கரை வீல்சேரைப் பெரும்பாலும் நீங்களாகத் தள்ளிக்கொள்ள முடியாது, அண்ணன்தான் தள்ள வேண்டும். நிறைய மாடல்களில் பிரேக்கும் இருக்காது. மாறும்போது ஒருவர் அதை அசையாமல் பிடிக்க வேண்டும். இருக்கை தாழ்வாகவும் தொட்டில்போல் சாய்வாகவும் இருப்பதால், இறங்கியது மாதிரியே ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும்போது இருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

நேரம் பார்த்துப் போங்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். தினமும் இந்த நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். வற்றும் நேரத்தில் தண்ணீர் விலகிய ஈர மணல் இறுகி இருக்கும், சக்கரம் நன்றாக ஓடும். ஆனால் அலை தொடும் இடத்தில் நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அலை திரும்பும்போது சக்கரத்தடி மணலையும் உருவிக்கொண்டு போகும். மூன்று நான்கு அலையில் நாற்காலி ஒரு பக்கம் இறங்கிவிடும்.

தண்ணீரில் இறங்க, உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரம், அலை ஓய்ந்த கடல், நீச்சல் தெரிந்த இருவர், உயிர்காப்பு உடுப்பு, இந்த நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேண்டாம். இடுப்பளவு ஆழம் வந்ததும் பருத்த டயர்கள் மிதக்கப் பார்க்கும், நாற்காலி கவிழலாம். அதற்கு முன்பே அதிலிருந்து உங்களை எடுத்துவிட வேண்டும். உணர்வில்லாத கால்கள் மேலே மிதந்து உடம்பைப் புரட்டும். ஆகவே முதல் நாள் நீச்சல் குளத்தில், அதே உடுப்போடு, மல்லாந்தும் குப்புறவும் புரண்டு பார்த்துவிடுங்கள். குளத்தில் இறங்க லிஃப்ட்டோ சரிவுப் பாதையோ இருக்கிறதா என்பதையும் அந்தக் கேள்விப் பட்டியலில் சேருங்கள்.

காலில் மூடிய ரப்பர் செருப்போ தண்ணீர் ஷூவோ கட்டாயம். கிளிஞ்சல் கீறினாலும் ஜெல்லிமீன் கொட்டினாலும் உங்களுக்குத் தெரியாது, ரத்தத்தையோ தடிப்பையோ பார்த்துத்தான் தெரியும். கடற்கரை வீல்சேரில் உங்கள் குஷன் இருக்காது. மணலோடு உரசும் ஈரத்துணிமேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தோல் சிவக்கும். அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கி அழுத்தம் மாற்றுங்கள். அறைக்கு வந்ததும் கண்ணாடி வைத்துப் பிட்டம், வால் எலும்பு, குதிகால் எல்லாம் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம், அடுத்த நாள் கடல் ரத்து.

சூடும் இதே கதைதான். வெயிலில் விட்டுப்போன நாற்காலியின் சட்டமும் கறுப்புக் குஷனும் தோலைப் பொசுக்கும், துண்டு போட்டு மூடிவிட்டுப் போங்கள். பழக்கமில்லாத பாத்ரூமில் வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று தெரியாது, அதனால் காலில் ஊற்றுமுன் கையில் பாருங்கள். விடுமுறையில் வரும் தீக்காயங்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். டி6-லோ அதற்கு மேலேயோ காயம்பட்டவர்கள் இதைப் படித்தால் ஒன்று: உங்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, ஆகவே நண்பகல் வெயிலைத் தவிர்த்து, ஈரத்துண்டும் தெளிப்பானும் கூடவே வையுங்கள். திடீர்த் தலைவலியோடு முகம் சிவந்தால் அது ரத்த அழுத்தம் எகிறுவதாக இருக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, எங்காவது தோல் பொசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை.

படி வந்தால் ஊழியர்கள் ஆர்வமாக ஓடிவந்து நாற்காலியைத் தூக்குவார்கள். கைத்தாங்கியையும் கால்மிதியையும் பிடிப்பார்கள், இரண்டும் கையோடு வந்துவிடும். எங்கே பிடிக்க வேண்டும் என்று நீங்களே சட்டத்தைத் தொட்டுக் காட்டி, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ நீங்களே எண்ணுங்கள். வேறு யாரும் எண்ண வேண்டாம்.

தினமும் சாயங்காலம் நாற்காலிக்கு ஒரு குளியல். கடல் பக்கம் போகவே இல்லை என்றாலும் உப்புக்காற்று போதும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் மணல் பேரிங்குக்குள் போய் உட்காரும். பின்சக்கரங்கள் பட்டனை அழுத்திக் கழற்றும் வகை என்றால் கழற்றி, அச்சைத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். மறுநாள் காலை முன்சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மணல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.