வீடியோவில் மனநல சிகிச்சை: பெங்களூரு தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூரில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, அதாவது மாத்திரை இல்லாமல் பேச்சின் வழியே மனநல சிகிச்சை தருபவராக, வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீடியோவில்தான் பேசுகிறார்கள். அல்சூரில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மூன்று பேர் தங்கும் பிஜி அறை. எந்நேரமும் யாராவது இருப்பார்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது? (மாரத்தஹள்ளி)

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலில், அறைத் தோழிகள் ஷிஃப்டுக்குப் போகும் நேரம் எது என்று பார்த்து அந்த நேரத்தையே கேளுங்கள். காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் பேசும் சைக்காலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், நண்பர் வீட்டின் ஒரு அறை, எல்லாம் சரிதான். ஓட்டிக்கொண்டிருக்கும் காரும் காபிக் கடையும் வேண்டாம். ஆபீஸ் மீட்டிங் ரூம் பரவாயில்லை, ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் பேசாதீர்கள். உங்கள் சொந்த போனும் சொந்த நெட்டும் போதும்.

ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது. நீங்கள் பேசுவது கேட்கும். அதனால் செஷன் தொடங்கியதும் "பக்கத்தில் ஆள் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற இரண்டு பேரும் ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். வாயால் சொல்ல முடியாததை சாட்டில் தட்டி அனுப்பலாம். பக்கத்தில் ஆள் இருப்பதை மறைத்துக்கொண்டு பட்டும் படாமலும் பேசினால் செஷனின் 50 நிமிடமும் வீண்.

நேரில் போனால் கிடைக்கும் பலன் வீடியோவில் கிடைக்குமா? (ஒயிட்ஃபீல்ட்)

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கிடைக்கும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபியை வீடியோவில் செய்தாலும் நேரில் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பானிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பயம், உள்ளவர்களுக்கு வீடியோவில் ஒரு வசதிகூட உண்டு. எந்த லிஃப்டைப் பார்த்துப் பயப்படுகிறாரோ, போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லிஃப்டின் முன்னாலேயே போய் நிற்க முடியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள், இவர்களை நேரில்தான் பார்க்க வேண்டும். அடிக்கிற கணவர் பக்கத்து அறையில் இருக்கும்போது வீடியோ செஷன் ஆபத்தும்கூட.

ஆப்பில் நிறைய பேர் இருக்கிறார்கள். உண்மையில் படித்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கே.ஆர்.புரம்)

'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் நிலைதான் இங்கே இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா என்ற மத்திய அரசு அமைப்பில் பதிவு இருக்க வேண்டும். பெரும்பாலும் எம்.ஃபில் முடித்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். மாத்திரை எழுதித் தருவது சைக்கியாட்ரிஸ்டின் வேலை, அவர் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது. எழுதினால் உடனே விலகுங்கள்.

நாலு செஷன் முடிந்துவிட்டது. அவர் கேட்கிறார், நான் புலம்புகிறேன், நேரம் முடிகிறது. ஒரு மாற்றமும் இல்லை. சொல்லாமல் நிறுத்திவிடலாமா? (பொம்மனஹள்ளி)

நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இப்போது எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

நம் ஆட்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். "பெரிய படிப்புப் படித்தவரிடம் போய் இது சரியில்லை என்று எப்படிச் சொல்வது" என்று வாயை மூடிக்கொண்டு, அடுத்த வாரம் போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், திரையில் தோளுக்கு மேல்தான் தெரிகிறது. உங்கள் கால் ஆடுவதும் கை பிசைவதும் எங்களுக்குத் தெரியாது. நேரில் என்றால் நாங்களே கவனித்துக் கேட்டிருப்போம். வீடியோவில் நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. "போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு வலித்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கப்புறம்தான் சிகிச்சையே சூடு பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த செஷனில் மூன்று விஷயம் கேளுங்கள். நாம் எதை நோக்கிப் போகிறோம்? எத்தனை செஷன் ஆகலாம்? மாற்றம் வருகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத் தூக்கம், பசி, சோர்வு எல்லாவற்றையும் கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் போடும். சில வாரத்துக்கு ஒருமுறை அதை நிரப்பினால் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சி ஏதாவது தருகிறாரா என்றும் பாருங்கள். வாரத்தில் 50 நிமிடம் பேசிவிட்டு மீதி நாட்களில் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் யாருக்கும் பெரிதாக மாறாது.

இவ்வளவு கேட்டும் தெளிவான பதில் வரவில்லையென்றால் தாராளமாக வேறொருவரிடம் போங்கள். அது அவருக்குச் செய்யும் துரோகம் இல்லை.

ஆங்கிலத்தில் பேசும்போது அழுகையே வருவதில்லை. தமிழில் பேசலாமா? (முருகேஷ்பாளையா)

கட்டாயம். தமிழ் தெரிந்தவர் சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் வீடியோவில் பேசலாம். பெங்களூரில்தான் தேட வேண்டும் என்றில்லை.

ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். என் சம்பளத்துக்குக் கட்டுப்படி ஆகாது. (பீன்யா)

14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற போன்வழி மனநல உதவிச் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தொடர் சிகிச்சைக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போக வேண்டும், கூட்டம் இருக்கும், ஆனால் கட்டணம் மிகக் குறைவு. தனியாரிடமே தொடர விரும்பினால் ஃபீஸைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். குறைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மனநோயை உடல்நோய் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. வெளிநோயாளியாகப் போனால் கிடைக்குமா என்பதைப் பாலிசியில் பாருங்கள்.

என் மகன் அங்கே ஐ.டி.யில் இருக்கிறான். வீடியோவில் யாரோ ஒரு அம்மாவிடம் மனநல ஆலோசனை எடுக்கிறானாம். நான் அவரிடம் பேசி என்ன பிரச்சினை என்று கேட்கலாமா? (பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தாய்)

உங்கள் தவிப்பு புரிகிறதம்மா. ஆனால் அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. மேலே சொன்ன 2017 சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது. மகனுக்கு 18 வயதுக்கு மேல் என்பதால், அவர் சம்மதிக்காமல் "ஆமாம், என்னிடம் வருகிறார்" என்றுகூட அந்த அம்மா சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில்தான் இந்த விதி தளரும். அதற்காகத்தான் முதல் செஷனிலேயே பேச வருபவர் இருக்கும் விலாசத்தையும் அவசரத்துக்கு ஒருவரின் நம்பரையும் வாங்கிக்கொள்கிறோம். வீடியோவில் எதிரே இருப்பவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாதல்லவா? அந்த நம்பராக உங்களுடையதைத் தரச் சொல்லி மகனிடம் கேட்டுப் பாருங்கள். "டாக்டரம்மா என்ன சொன்னார்" என்று வாராவாரம் கேட்காதீர்கள்.

ஒருவேளை மகன் "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்பது போல் போனில் ஏதாவது சொன்னால் அடுத்த செஷன் வரை காத்திருக்க வேண்டாம். லைனிலேயே அவரைப் பேச வையுங்கள். இன்னொரு போனில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பரை அழைத்து அங்கே போகச் சொல்லுங்கள், 112 என்ற அவசர உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.