பச்சை வண்டி வெள்ளையாவது எப்படி? கேள்வி பதில்

ராணுவத்தில் இ.எம்.இ. என்கிற இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வண்டி பழுது பார்ப்பதுதான் என் வேலை. ஐ.நா. அமைதிப் பணிக்காகக் காங்கோவிலும் இருந்தேன். இப்போது பாளையங்கோட்டை வாசம். பணிக்குப் போகிற இடத்தில் வண்டிக்கு நிறம் மாற்றுவது பற்றிப் பலர் கேட்டார்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

பேட்டை: ஐ.நா. வண்டிகளுக்கு வெள்ளை அடிப்பது இங்கேயா, அங்கே போயா அண்ணாச்சி?

முடிந்தவரை கப்பல் ஏறும் முன்பு இங்கேயே அடித்துவிட வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளை, அதில் கறுப்பில் ஐ.நா. எழுத்து. அடிக்கிற செலவையும், பணி முடிந்தபின் பழைய நிறத்துக்கு மாற்றுகிற செலவையும் வண்டி வகைக்கு ஏற்ப ஐ.நா. திருப்பித் தருகிறது. அங்கே கல் தெறித்த இடம், உரசிய இடம் என்று ஒட்டு வேலை மட்டும்தான் இருக்க வேண்டும். பெயிண்டும் தின்னரும் தீப்பிடிக்கிற சரக்கு. 1263 என்ற ஆபத்து எண்ணோடுதான் பயணம் செய்யும். தீர்ந்துவிட்டது என்று நினைத்தவுடன் விமானத்தில் வரவழைக்க முடியாது. அதனால் முதல் கப்பலிலேயே கணக்குப் போட்டு ஏற்றிவிட வேண்டும்.

அம்பாசமுத்திரம்: ஒரு லாரிக்கு எத்தனை லிட்டர் ஆகும்? எத்தனை நாள்?

அடிக்க வேண்டிய பரப்பு 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், இரண்டு கோட்டுக்கு 12 லிட்டர். ஸ்பிரே அடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். ஆக 18 லிட்டர். ஆனால் பெயிண்ட் சின்னக் கணக்குதான். வண்டி ஓடாமல் நிற்கிற நாள்தான் பெரிய கணக்கு. கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்துக் காயவிட்டு, அப்புறம்தான் நிறம். பத்து வண்டி இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கொட்டகைக்குள் விடக் கூடாது என்பது என் முடிவு. ரோந்து போக வண்டி இல்லையென்றால் பளபளப்பை வைத்து என்ன செய்ய?

அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடுவது மாஸ்கிங்கில், அதாவது பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைப்பதில். கண்ணாடி, லைட், டயரை மறைப்பார்கள். மூட்டுக்குள் கிரீஸ் ஏற்றுகிற முனையான கிரீஸ் நிப்பிளை மறந்துவிடுவார்கள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் வாயில் பெயிண்ட் உறைந்தால் கிரீஸ் உள்ளே போகாது, கிரீஸ் கன்னைச் சுற்றி வெளியே பிதுங்கும். அடித்தாயிற்று என்று துடைத்துவிட்டுப் போனால், மூட்டு வறண்டு தேய்ந்து ஒருநாள் நடுவழியில் வண்டியை நிறுத்திவிடும். ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு துளி கிரீஸைத் தடவி வைத்துவிட்டு அடித்தால் போதும், பெயிண்ட் ஒட்டாது.

ராதாபுரம்: திறந்தவெளியில் அடிக்கலாமா?

உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கூடாது. பாதி பெயிண்ட் பக்கத்து வண்டியில் இருக்கும், மீதியில் புழுதி ஒட்டியிருக்கும். காங்கோவில் நான் இருந்த கோமா நகரத்தில் எரிமலைக் கரும்புழுதி வெள்ளை வண்டியில் மிளகு தூவினாற்போல ஒட்டும். அங்கே ஒரு மழை நாளில், வெறித்துவிட்டதே என்று மாலையில் அடித்தேன். காலையில் வண்டி முழுக்கப் பால் பூத்த மாதிரி மங்கிக் கிடந்தது. இரவுப் பனி இறங்கியிருக்கிறது. சுரண்டி மறுபடி அடிக்க மூன்று நாள் போயிற்று. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்பிரே கன்னைத் தொடக் கூடாது. பனி படிகிற வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும்.

வள்ளியூர், ஆசிரியை: கடைப் பச்சையையே ராணுவ வண்டிக்கு அடித்தால் என்ன?

கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் டீச்சர். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். மறைவுக்கான ராணுவப் பச்சையில் அதேபோல் திருப்பி அனுப்புகிற நிறமிகளைச் சேர்ப்பார்கள். சாதாரணப் பச்சை, இரவில் பார்க்கிற கருவியில் செடிகொடிக்கு நடுவே தனியாகத் தெரிந்துவிடும்.

வண்ணார்பேட்டை: என் பழைய ஜீப்புக்கு ஆலிவ் கிரீன் அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது.

தச்சநல்லூர்: போர் நடக்கும்போதே நிறம் மாற்றியிருக்கிறார்களா?

நிறைய. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யப் பனியில் ஜெர்மானியர்கள் டாங்கிகளுக்குச் சுண்ணாம்பே பூசினார்கள். பொங்கலுக்கு நாம் வெள்ளையடிக்கிற அதே வேலைதான். 1943-இல் அடி நிறத்தை அடர் மஞ்சளாக்கி, மேலே பூசப் பச்சையையும் செம்பழுப்பையும் 2 கிலோ டப்பாவில் பசையாகக் கொடுத்தார்கள். தண்ணீரோ பெட்ரோலோ ஊற்றிக் கரைத்து வண்டிக்காரர்களே அடிக்க வேண்டும். திரவத்தைச் சுமந்து போகிற பாரம் மிச்சம், நல்ல யோசனை. ஆனால் தண்ணீரில் கரைத்தது மழையில் கரைந்து ஓடியது.

மேலப்பாளையம், பெயிண்டர்: மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன். போதுமா அண்ணாச்சி?

போதாது தம்பி. 1990-91 வளைகுடாப் போருக்கு வந்த அமெரிக்கப் பச்சை வண்டிகளைச் சவூதியில் தம்மாம், ஜுபைல் துறைமுகங்களில் மணல் நிறமாக்கினார்கள். ரசாயன ஆயுதம் பட்டாலும் உறிஞ்சாத பெயிண்ட் அது. அதில் மூச்சைப் பாதிக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. வேலை மலைபோல் குவிந்திருந்தது. தொடக்கத்தில் பலருக்குச் சரியான சுவாசக் கவசம் இல்லை. மூச்சுத் தொந்தரவு வந்ததாகப் பின்னால் சிலர் சொன்னார்கள்.

அதே ஐசோசயனேட்தான் நீ கார்களுக்கு அடிக்கிற இரண்டு டப்பா பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டில், இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்டனரில் இருக்கிறது. துண்டு அதைத் துளியும் தடுக்காது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடிதான் சரி. அது வாங்கித் தரும்வரை பி.யூ. அடிக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல், தேவைப்பட்டால் நானும் வந்து பேசுகிறேன். இரவில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால், ஹார்டனர் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், இதைத்தான் அடிக்கிறேன் என்று டாக்டரிடம் காட்டு.