படைவீரர்களும் பிடிஎஸ்டி (கொடும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) சிகிச்சையும்: உங்கள் கேள்விகள்

கேள்வி: பிசிஎல்-5 (பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் கேள்விப் படிவம்) மதிப்பெண் 52-இலிருந்து 47-க்கு வந்துவிட்டது. சிகிச்சை வேலை செய்கிறதா?

இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மொத்தம் 80, பத்துப் புள்ளியாவது இறங்கட்டும், பதினைந்து என்றால் இன்னும் நல்லது. அதுவும் நோயாளியே நிரப்பும் படிவம். ஆய்வு என்றால் பயிற்சி பெற்றவர் எடுக்கும் கேப்ஸ்-5 நேர்காணல் வேண்டும், எடுப்பவருக்கு யார் எந்தச் சிகிச்சைக் குழு என்று தெரியக் கூடாது.

கேள்வி: ராணுவத்தில் இருந்த அப்பாவுக்கு எந்த மருந்து நல்லது?

வயது, மற்ற நோய்கள், இப்போது சாப்பிடும் மாத்திரை என எதையுமே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? செர்ட்ராலின், பராக்செடின், வென்லாஃபாக்சின் மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. அவருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இப்போது சாப்பிடும் மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒரு மையம் 80 சதவீதம் பேர் குணமானதாகச் சொல்கிறது. நம்பலாமா?

யாரில் 80 சதவீதம், எதோடு ஒப்பிட்டு? இதைக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் ஜொலிக்கும். அமெரிக்காவில் 900-க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களிடம் எக்ஸ்போஷர் சிகிச்சையையும் (தவிர்க்கும் நினைவுகளை மெல்ல எதிர்கொள்ள வைப்பது) சிபிடியையும் (அந்தச் சம்பவம் பற்றிய எண்ணங்களை அலசி மாற்றும் பேச்சுச் சிகிச்சை) ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை; அவர்களையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவு சொன்னார்கள், அதுதான் நேர்மை. அப்புறம், ஆள் ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு வருகிறார், ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தணியும், ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் அந்தத் தணிவும் மையத்தின் கணக்கில் போய்விடும். ‘முன்னேற்றம்’ வேறு, ‘குணம்’ வேறு. படைவீரர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2015 கட்டுரையின்படி, இந்த இரண்டு சிகிச்சைகளில் ஏறக்குறைய பாதி முதல் 70 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருந்தது. அதற்காக இவை வீண் என்று விட்டுவிடாதீர்கள். கையில் இருப்பவற்றில் வலுவான ஆதாரம் உள்ளவை இவைதான்.

கேள்வி: கெட்ட கனவுக்குப் பிரசோசின் மாத்திரை உதவாதாமே?

300 பேர் கொண்ட 2018 ஆய்வில் பிளாசிபோவை (மருந்தில்லாத போலி மாத்திரை) விட மேலாக இல்லை. முந்தைய சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது, அதனால் 2023 அமெரிக்க ராணுவ வழிகாட்டி கனவுக்கு மட்டும் லேசாகப் பரிந்துரைக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கும், கவனம். இதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளை வைத்துச் செய்யும் சிகிச்சை?

2024-இல் அமெரிக்க மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்டிஏ ஏற்கவில்லை. போதை ஏறுவதை வைத்தே எந்தக் குழு என்று ஆளுக்குத் தெரிந்துவிட்டால் ஒப்பீடு என்ன ஆவது? சரியான ஆய்வுகள் வரட்டும், வெளியில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: தூக்கத்துக்கு அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை)?

பிடிஎஸ்டிக்கு வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் டாக்டர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைக்க வேண்டும், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.