98 செ.மீ. குழந்தைக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் எதற்கு?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மகளுக்கு வருகிற மே 18-ல் நாலு வயது நிறைகிறது. இந்த பிப்ரவரியில் அளந்தபோது உயரம் 98 செ.மீ. மே கடைசி வாரம் சிங்கப்பூர் போய், ஒரு நாள் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் கழிக்க ஆசை. ஏஜென்ட் மூன்று பேருக்கும் நுழைவுச்சீட்டு, மூன்று பேருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ், ஓட்டல் வாசலிலிருந்து வண்டி என்று பேக்கேஜ் போட்டுத் தந்திருக்கிறார். எக்ஸ்பிரஸ் இல்லாமல் குழந்தையோடு போனால் நாள் முழுக்க வரிசையில்தான் நிற்கவேண்டும் என்கிறார். வாங்கலாமா? மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மகளுக்கு எக்ஸ்பிரஸ் வேண்டாம். தேதியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் அவளுக்கு நுழைவுச்சீட்டுகூட வேண்டாம். ஏஜென்ட் இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அந்தப் பூங்காவில் நாலு வயது முதல் பன்னிரண்டு வயது வரைதான் குழந்தைக் கட்டணம். நாலு நிறையாத குழந்தைக்கு நுழைவு இலவசம். மே 18-க்கு முன்னால் உள்ளே போனால் உங்கள் மகள் இலவசம். கடைசி வாரம் போனால் குழந்தைச் சீட்டு எடுத்தாகவேண்டும். வாசலில் வயதைக் கேட்டால் காட்ட அவளுடைய பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். முன்னால் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடுவருட விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை நீளும். நம் ஊர் விடுமுறையும் அவர்கள் விடுமுறையும் ஒன்றாகச் சேரும் வாரத்தில் எல்லா வரிசையும் இரட்டிப்பாகத் தெரியும். மே முதல் வாரமும் வேண்டாம். சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை, அந்தக் கூட்டம் சிங்கப்பூர் வரை வரும். மே இரண்டாம் வாரத்தில், வார நாள் ஒன்றைப் பிடியுங்கள்.

அடுத்தது உயரம். சீட்டுக்கு வயது கணக்கு, ரைடுக்கு உயரம் கணக்கு. நம் பக்கத்து வொண்டர்லாவில் சீட்டே உயரத்தைப் பார்த்துத்தான்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தைக் கட்டணம். விமானத்தில் மறுபடி வயது. பெற்றோர் எதை நம்பித் திட்டம் போடுவது? ஒவ்வொரு ரைடுக்குமான உயரத்தைச் சீட்டின் பின்புறம் பத்து வரியில் அச்சடித்துக் கொடுக்க எந்தப் பூங்காவுக்கும் மனம் வருவதில்லை. பாதிக் குடும்பங்கள் முக்கால் மணி நேரம் நின்றபின் அளவுகோலின் முன்னால்தான் தெரிந்துகொள்கின்றன.

98 செ.மீ.க்கு என்னென்ன கிடைக்கும் என்று பாருங்கள். கேனபி ஃபிளையர், என்சான்டட் ஏர்வேஸ் இரண்டுக்கும் 92 போதும். பெரியவர் ஒருவர் கூட ஏறவேண்டும். செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ், எகிப்து பகுதியில் பழைய கார் ஓட்டும் டிரஷர் ஹன்டர்ஸ் ஆகியவற்றிலும் பெரியவரோடு ஏறலாம். கிடைக்காதவை: டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மினியன் மேஹம் இரண்டுக்கும் 102 வேண்டும். ஜுராசிக் பார்க் ரேப்பிட்ஸுக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. எக்ஸ்பிரஸ் பாஸின் மதிப்பு பெரும்பாலும் இந்தக் கடைசி ஐந்தில்தான் இருக்கிறது. உங்கள் மகள் ஏறவே முடியாத ஐந்து ரைடுகளுக்கு அவள் பெயரில் வரிசை தாண்டும் உரிமையை விற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் சரியாக அதன் விளிம்பில் நிற்கிறாள். பூட்ஸ் போட்ட பூனையின் பெயரில் உள்ள புஸ் இன் பூட்ஸ் ரைடுக்கு 100 செ.மீ. வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை குழந்தைகள் வருடத்துக்குச் சுமார் 6 முதல் 7 செ.மீ. வளர்வார்கள், மாதம் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. பிப்ரவரியில் 98 என்றால் மே நடுவில் 99.5 அல்லது 100-ஐத் தொட்டிருக்கலாம், தொடாமலும் போகலாம். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. படுக்கையிலிருந்து எழுந்ததும் எவருக்குமே உயரம் சற்று அதிகம். நாள் முழுக்க நின்று நடந்தபின் முதுகெலும்பின் தட்டுகள் அழுந்தி, சாயங்காலத்துக்குள் அரை செ.மீ., சிலருக்கு ஒரு செ.மீ. வரை குறையும். விளிம்பில் இருக்கும் குழந்தையை அந்த ரைடுக்குக் காலையில்தான் கூட்டிப் போகவேண்டும். கிளம்பும் வாரத்தில் வீட்டுச் சுவரில் வெறுங்காலோடு, குதிகால், பின்புறம், தலையின் பின்பக்கம் மூன்றும் சுவரில் ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் கெட்டி அட்டை புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, காலையிலும் மாலையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 100-ஐத் தாண்டினால் நிம்மதி. காலை மட்டும் தாண்டினால் முதல் வேலையாக அங்கே போங்கள். இரண்டும் தாண்டாவிட்டால் அவளிடம் அந்தப் பூனையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். தடிமனான சோல் வைத்த ஷூ, உள்ளே மடித்து வைத்த துணி, உச்சிக் கொண்டை எதுவும் செய்யாதீர்கள். இருக்கையின் பூட்டுக்கம்பி இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி அந்த உயரத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். குட்டையான குழந்தைக்கு அதே கம்பி வயிற்றில் உட்காரும், வண்டி திரும்பும்போது உடம்பு அடியில் நழுவும். ஷூவால் குழந்தையின் இடுப்பு உயராது.

உங்கள் இருவருக்கும் பெரிய ரைடுகள் மேல் ஆசை இருந்தால் அதற்கும் எக்ஸ்பிரஸ் கட்டாயம் இல்லை. வாசலில் நிற்கும் ஊழியரிடம் "சைல்டு ஸ்விட்ச்" என்று கேளுங்கள். மூவரும் சேர்ந்து வரிசையில் நிற்கலாம். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருப்பார். முதலாமவர் இறங்கியதும் குழந்தையை வாங்கிக்கொள்ள, இரண்டாமவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறுவார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எந்தப் பேக்கேஜ் தாளிலும் இதை எழுதமாட்டார்கள், விற்பதற்கு இதில் ஒன்றும் இல்லையே.

அப்படியும் எக்ஸ்பிரஸ் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் நுழைவுச்சீட்டு அல்ல. நுழைவுச்சீட்டுக்கு மேலே வாங்குவது. மலிவாகக் கிடைத்ததென்று எக்ஸ்பிரஸ் மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு. இரண்டாவது, சாதாரண எக்ஸ்பிரஸில் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான். எத்தனை தடவை வேண்டுமானாலும் என்பது அன்லிமிடெட், அதன் விலை வேறு. ஏஜென்டின் தாளில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இடைத்தரகர்களிடம் நான் இன்னும் கறாராக இருக்கச் சொல்வேன். பணம் கட்டியதும் அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது பெரும்பாலும் வவுச்சர். அது சீட்டு அல்ல. கியூஆர் கோடும் தேதியும் உள்ள சீட்டு விமானம் ஏறுமுன் கையில் வரவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். முகம் தெரியாதவர் "மிச்சச் சீட்டு" என்று பாதி விலைக்குத் தந்தால் தொடாதீர்கள். ஒரே கியூஆரை இரண்டு குடும்பத்துக்கு விற்பது மிகச் சுலபம். முதலில் ஸ்கேன் ஆகும் குடும்பம் உள்ளே, மற்றது வெளியே. சிங்கப்பூர் வருகை அட்டைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், மூவருக்கும் தனித்தனியாக நிரப்பவேண்டும். அதே பெயரில் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கவனம்.

விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர்; அதற்கு மேலே உள்ளது ஏஜென்டின் கூலி. அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் இந்தியர் விண்ணப்பிக்கவேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தையே வீட்டிலிருந்து நிரப்பும் குடும்பம் ஒரு விசாப் படிவத்தை நிரப்பாதா? அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்ற உறவினர் இருந்தால் அவர் தன் சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். மகளுக்கும் தனி விசா. கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த பாஸ்போர்ட் என்றால் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், பயணத்தின்போது ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும்.

ஓட்டல் வண்டியும் வேண்டாம். அது பல ஓட்டல்களில் ஆள் ஏற்றி, சொன்ன நேரத்துக்குத்தான் திரும்பும். குழந்தை மூன்று மணிக்கே அழுதாலும் வண்டி வராது. நீங்கள் லிட்டில் இந்தியாவிலோ முஸ்தபா பக்கத்திலோ தங்கினால் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு நிலையங்களுமே வடகிழக்குத் தடத்தில் இருக்கின்றன. வண்டி மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்டில் இறங்குங்கள். மேலே விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில்; போகும்போது 4 டாலர், திரும்பும்போது கட்டணம் இல்லை. நடைபாலம் வழியே நடந்தும் போகலாம்.

நேரக் கணக்கை யாரும் யோசிப்பதில்லை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். பூங்கா பெரும்பாலும் காலை 10-க்குத் திறக்கும். மகளின் உடம்புக்கு அது காலை ஏழரை. வீட்டில் மதியம் ஒன்றரைக்குத் தூங்குகிறவள் அங்கே நாலு மணிக்குத்தான் சாய்வாள். இறங்கிய அன்றே பூங்கா வேண்டாம், இரண்டாம் நாளும் வேண்டாம். மூன்றாம் நாள் வையுங்கள். ஒன்பதேகாலுக்கு வாசலில் இருங்கள். உள்ளே போனதும் மினியன் லேண்ட் பகுதியில் எல்லோரும் நிற்பார்கள். 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. நீங்கள் நிற்காமல் தாண்டி ஃபார் ஃபார் அவே பகுதிக்குப் போங்கள். 100 தாண்டியிருந்தால் புஸ் இன் பூட்ஸ், பிறகு என்சான்டட் ஏர்வேஸ், உடனே கேனபி ஃபிளையர். ஃபிளையர் ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் ஏற்றும், அதனால் கூட்டம் குறைந்த நாளிலும் அதன் வரிசை மெதுவாகத்தான் நகரும். பதினொன்றரைக்கு மேல் அதைத் தேடாதீர்கள். வெயில் ஏறியதும் குளிரூட்டிய செசமி ஸ்ட்ரீட், சாப்பாடு, பிறகு ஸ்ட்ரோலரில் தூக்கம். நடக்கத் தெரிந்த பிள்ளைதானே என்று ஸ்ட்ரோலரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாட்டர்வேர்ல்டு காட்சியில் வெடிச்சத்தமும் நெருப்பும் உண்டு, பின்வரிசையில் உட்காருங்கள்.

மழைக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்ததும் ஃபிளையர், ஏர்வேஸ் போன்ற திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், ஓய்ந்ததும் ஓட்டுவார்கள். மேலே சொன்ன வரிசையில் போனால் மழை வருமுன் அவை முடிந்திருக்கும். மழைக்கோட்டு மூன்று, மகளுக்கு மாற்று உடை இரண்டு, இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.